நூற்றில் பதினொன்று

ஜனவரி 11

என் அன்புத் திருகாணி மன்னருக்கு,

இங்கே நானும் மகளும் நலம். நீங்களும் காலாகாலத்தில் சாப்பிட்டுக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்ப ஆசை. நம்பிக்கைதான் வரவில்லை.

நீங்கள் போய்ச் சேர்ந்த ஐந்து நாளும் போனில் பேசினோம். பேசியது நான், நீங்கள் 'ம்' கொட்டினீர்கள். நேற்று எண்ணிப் பார்த்தேன். இருபத்தேழு 'ம்', இரண்டு 'சரி'. இதற்கு ஒரு போன் எதற்கு? ஆகையால் இந்த எட்டு மாதமும் நமக்குள் கடிதம்தான். அவசரம் என்றால் மட்டும் போன். கடிதத்தில் 'ம்' என்று மட்டும் எழுதி அனுப்ப உங்களுக்கே வெட்கமாக இருக்கும்.

நேற்று ஒரு குடல் ஆபரேஷன். நாலு மணி நேரம் நின்று கருவி எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள். "அப்பா செய்யற இயந்திரக் கை வந்துட்டா உனக்கு வேலை போயிடுமாம்மா? அதுவே டாக்டருக்கு எல்லாம் எடுத்துக் குடுத்துடுமே." நான் சொன்னேன், "அது முதல்ல சீஃப் டாக்டர்கிட்டத் திட்டு வாங்கக் கத்துக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்." சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் தாமதமாக.

இருபத்திரண்டு வருஷமாக நான் செய்கிற வேலையை ஓர் இரும்புக் கைக்குச் சொல்லிக்கொடுக்கப் போயிருக்கிறீர்கள். நன்றாகச் சொல்லிக்கொடுங்கள். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


ஜனவரி 20

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. குழாய்க்கு உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை மாற்றினால் போதும். மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் நாலு வளையம் இருக்கிறது.

எனக்குக் கொடுத்திருக்கும் அறை, முன்பு ஆஸ்பத்திரித் துணிகளை அடுக்கி வைத்த அறை. இன்னும் சலவை வாசனை போகவில்லை. நடுவில் ஒரு மேஜை, அதில் திருகாணியால் முடுக்கிய இயந்திரக் கை. ஆறு மூட்டு. நகர வைப்பது சுலபமாக முடிந்தது. கொடுக்க வைப்பதுதான் கஷ்டம். கருவியை எந்த நொடியில் விட வேண்டும்? முன்னால் விட்டால் கீழே விழும். பின்னால் விட்டால் டாக்டர் பிடுங்க வேண்டியிருக்கும்.

இதைக் கற்றுக்கொள்ளத் தினமும் காலையில் ஆபரேஷன் தியேட்டரில் மேலிருந்து கேமரா வைத்துப் பார்க்கிறேன். இங்கே ஒரு சிஸ்டர் இருக்கிறார். வாயே திறக்க மாட்டார். மௌன சிஸ்டர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். அவர் கொடுப்பதைப் பார்க்க வேண்டும். கருவியின் பிடி சீஃப்பின் உள்ளங்கையில் 'தப்' என்று உட்காரும். சீஃப் கண்ணைத் திருப்புவதே இல்லை. சிஸ்டர் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் இரண்டு கையுறைக்கு நடுவே, அழுத்தம் காட்டும் மெல்லிய தகடு ஒன்றை வைத்து அளந்தேன். முதல் தடவை எவ்வளவு அழுத்தமோ, மூன்று மணி நேரம் கழித்தும் அதே அழுத்தம். மௌன சிஸ்டர் களைப்பதே இல்லை. மௌன சிஸ்டரின் கட்டைவிரல் எப்போதும் ஒரு பக்கமாகத்தான் விலகுகிறது. இப்படி ஒரு கையை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை.

மகளைக் கணக்குப் போட்டுப் பழகச் சொல்.

அன்புடன்,
உன் வீட்டுக்காரர்


ஜனவரி 27

ஆயுளில் பார்க்காத கையைப் பார்த்துவிட்ட மகானுக்கு,

நமஸ்காரம். வளையம் மாற்றினேன். ஒழுகல் நின்றது. நானேதான் மாற்றினேன், என் கையால்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பேர் சொல்லியும் 'அவர்' என்றும் மௌன சிஸ்டர் ஒரு பத்தி முழுக்க உட்கார்ந்திருக்கிறார். நான் குழாயோடு போய்விட்டேன். மகள் கணக்கோடு போய்விட்டாள்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் படியுங்கள். நமக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். முதல் வருஷம் ஒரு நாள் நான் தியேட்டரிலிருந்து வந்ததும் வராததுமாக, அன்று ஆபரேஷனில் நடந்ததை உங்களிடம் சொல்ல உட்கார்ந்தேன். எனக்கு அன்று அவ்வளவு பெருமை. நீங்கள் ஒரு கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டே, "கேட்டதை எடுத்துக் குடுக்கறதுதானே, அதுல சொல்ல என்ன இருக்கு?" என்றீர்கள். அதற்குப் பிறகும் நான் சொல்லாமல் இல்லை. செவிடன் காதில் ஊதிய சங்குதான். இப்போது எங்கேயோ போய், இன்னொருத்தி கையைக் கேமரா வைத்துப் பார்த்து, அதில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்கே எழுதுகிறீர்கள்.

எரிகிறது. மறைக்கவில்லை.

அந்த அம்மாவுக்கு என்ன வயது, கல்யாணம் ஆகியிருக்கிறதா என்றெல்லாம் கேட்க மாட்டேன். நான் அப்படிப்பட்டவள் இல்லை. படம் இருந்தால் ஒன்று அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கேட்டதை எடுத்துக் கொடுப்பவள்


பிப்ரவரி 10

அன்புள்ள உனக்கு,

படம் கேட்டிருந்தாய். இணைத்திருக்கிறேன். கையுறையில் இருக்கும் சிவப்புப் பொட்டுகள் கேமராவுக்காக ஒட்டியவை. முகம் தெரியும் படம் என்னிடம் இல்லை, எடுக்கத் தோன்றவில்லை. வயது ஐம்பத்தாறு. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது. உன் கடிதத்தில் வேறு கேள்வி எதுவும் இல்லை என்று நினைக்கிறேன்.

இப்போது நான் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இதை நீ கவனமாகப் படிக்க வேண்டும்.

இதுவரை பதிவு செய்ததில் நூறு கைமாற்றங்களைப் பிரித்து அட்டவணை போட்டேன். எண்பத்தொன்பதில் சீஃப் கேட்டதும் சிஸ்டர் கொடுத்ததும் ஒன்றே. மீதிப் பதினொன்றில் அவர் கேட்டது ஒன்று, இவர் கொடுத்தது வேறொன்று. கத்தரி கேட்டால் ரத்தக்குழாயைக் கவ்வும் இடுக்கி. நீள இடுக்கி கேட்டால் குட்டை இடுக்கி. சிஸ்டரிடமே கேட்டேன். "சரியாத்தான் குடுத்தேன் சார்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

அவை பிழை என்றால் பதினொன்றையும் அழித்துவிட்டு, மீதியை வைத்துக் கைக்குப் பயிற்சி கொடுப்பேன். பிழை இல்லை என்றால் எனக்கு ஏதோ புரியவில்லை என்று அர்த்தம், முதலிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்த மாதம் பொம்மை வயிற்றில் ஒத்திகை. அதற்கடுத்து நிஜமான நோயாளி. இந்த வேலை தெரிந்த ஆள் எனக்கு நீ ஒருத்திதான். பட்டியல் இதோடு இருக்கிறது. நீ சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் வீட்டுக்காரர்


பிப்ரவரி 15

அன்புள்ள உங்களுக்கு,

பட்டியலைப் பார்த்தேன். பதினொன்றும் பிழைதான். அழித்துவிடுங்கள்.

எங்கள் தியேட்டரில் நூற்றுக்குப் பதினொன்று தப்பினால் மறுநாளே வார்டில் போர்வை மடிக்க அனுப்பிவிடுவார்கள். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சும்மாவா சொன்னார்கள்? வயதாகிவிட்டது பாவம், காது மந்தமோ என்னவோ.

பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக என்னிடம் வேலை விஷயமாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். சந்தோஷம்.

மகள் கணக்கில் தொண்ணூற்றிரண்டு வாங்கியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 6

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே நிறைய நடந்துவிட்டது.

உன் பதில் வந்த அன்றே பதினொன்றையும் அழித்தேன். திட்டக் குழுக் கூட்டத்தில், மீதியை மட்டும் ஏன் எடுத்துக்கொண்டாய் என்று கேட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் அனுபவமுள்ள தியேட்டர் சிஸ்டர் ஒருவரிடம் காட்டி உறுதி செய்தேன் என்று சொன்னேன். உன்னைச் சொல்லும்போது பெருமையாக இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நூற்றில் பதினொன்று என்பது ஆஸ்பத்திரிக்குப் பெரிய விஷயமாம். மௌன சிஸ்டருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்து, விசாரணை முடியும்வரை வெளிநோயாளிப் பிரிவில் கட்டுப் போடும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். விளக்கம் எழுதும் இடத்தில் அவர் ஒன்றும் எழுதவில்லையாம், கையெழுத்து மட்டும். நேற்றுப் படிக்கட்டில் எதிரே வந்தார். வணக்கம் சொன்னார். எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் எண் எண்தானே.

பொம்மை வயிற்று ஒத்திகை முடிந்தது. சீஃப் வாயால் கேட்க, கை எடுத்துக் கொடுத்தது. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகக் கொடுத்தது. ஆனால் சீஃப் நான்கு தடவை கருவியை வாங்கித் தரையில் எறிந்தார். ஒருமுறை எறிந்தது என் காலில் பட்டது. பதிவைப் போட்டுப் பார்த்துவிட்டேன். நான்கு தடவையும் அவர் கேட்டதையேதான் கை கொடுத்திருக்கிறது. அன்றைக்கு அவருக்கு மனசு சரியில்லை போலிருக்கிறது.

இருபத்தாறாம் தேதி நிஜ ஆபரேஷன். பித்தப்பை எடுக்க வேண்டும். நோயாளி ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர், சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பக்கத்தில் ஒரு பயிற்சி நர்ஸ் நிற்பாள், ஆனால் கொடுப்பது கைதான். நீ அன்றைக்குச் சொல்லாவிட்டால் இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது.

அன்புடன்,
உன் வீட்டுக்காரர்


மார்ச் 10

அன்புள்ள உங்களுக்கு,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் உங்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும். இன்று காலை ஒன்பது மணிக்கு உங்கள் கண்காணிப்பாளருக்குப் போன் செய்து, இருபத்தாறாம் தேதி ஆபரேஷனை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டேன். யார் பேசுவது என்றார். அந்த இருபத்திரண்டு வருஷ அனுபவமுள்ள சிஸ்டர் நான்தான், நான் சொன்னது பொய் என்றேன். உங்களுக்குப் போன் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை.

பதினொன்றில் ஒன்றுகூடப் பிழை இல்லை. பட்டியலைப் பார்த்த ஐந்தாவது நிமிஷமே எனக்குத் தெரியும்.

நாலாவதை எடுத்துக்கொள்ளுங்கள். சீஃப் கத்தரி கேட்டார், அவள் இடுக்கி கொடுத்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முந்தின வரியில், பஞ்சுத் துணி இரண்டு தடவை கேட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். துணி இரண்டு தடவை கேட்டால் எங்கேயோ ரத்தம் கசிகிறது. அந்த இடத்தில் கத்தரியை வைத்து என்ன செய்வார்? ஏழாவதில் நோயாளி எலும்பும் தோலுமான ஆள், எடை நாற்பத்தொன்று. நீள இடுக்கி அவருக்கு எதற்கு? ஒன்பதாவது, மூன்று மணி நேரம் தாண்டியபிறகு நடந்தது. அந்த நேரத்தில் எல்லா டாக்டரும் கடைசியாகக் கேட்ட கருவியின் பெயரைத்தான் மறுபடி சொல்வார்கள். வாய் கத்தரி என்று சொல்லும். கை தையல் ஊசிக்கு நீட்டியிருக்கும். கேட்டதைக் கொடுப்பதற்கு யார் வேண்டுமானாலும் போதும். வேண்டியதைக் கொடுப்பதற்குத்தான் எங்களை நிறுத்தியிருக்கிறார்கள். உங்கள் கண் சீஃப்பின் வாயைப் பார்த்தது. அவள் கண் வயிற்றுக்குள் இருந்தது.

நான் சொல்வதையும் நம்ப வேண்டாம், ஏற்கனவே ஒருமுறை நம்பிக் கெட்டீர்கள். உங்கள் பட்டியல், கருவி கைமாறியதும் நின்றுவிடுகிறது. கேமராப் பதிவில் அங்கே நிறுத்தாமல் அடுத்த பத்து நொடியைப் பாருங்கள். தப்பாகக் கொடுத்தால் சீஃப் எறிவார். உங்கள் காலில் பட்டதே, அதுபோல. பதினொன்றில் ஒன்றையாவது எறிந்தாரா என்று பாருங்கள்.

அவள் ஏன் விளக்கம் எழுதவில்லை என்று உங்களுக்குப் புரியாது. எழுதினால், 'சீஃப் பதினொரு தடவை தப்பாகக் கேட்டார்' என்று எழுத வேண்டும். எந்த தியேட்டர் சிஸ்டரும் அதை எழுத மாட்டாள். நானும் எழுத மாட்டேன். டாக்டர் சறுக்கும் இடத்தில் முட்டுக் கொடுத்துவிட்டு, கொடுத்தது தெரியாமல் நிற்பதுதான் எங்கள் வழக்கம். அது தெரிந்திருந்தும், அவள் வாய் திறக்க மாட்டாள் என்று தெரிந்திருந்தும்தான் எழுதினேன், பிழை என்று.

ஏன் என்று கேட்பீர்கள். பொறாமை. வேறு நல்ல வார்த்தை தேடினேன், இல்லை. ஆரம்பத்தில் எல்லாப் பெண்டாட்டிகளுக்கும் வரும் சந்தேகம் என்றுதான் நினைத்தேன். ஐம்பத்தாறு வயது என்று எழுதினீர்களே, அன்றைக்கு அது போயிருக்க வேண்டும். போகவில்லை. இன்னும் எரிந்தது. அவள் அழகியாக இருந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். நீங்கள் ரசித்தது என் வேலையை. நான் செய்யும் அதே வேலையை, அவளிடம். அந்த அட்டவணையைப் பார்த்தபோது, அவள் எவ்வளவு கெட்டிக்காரி என்று உங்களுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் இரண்டே வரியில் அவளைத் தீர்த்துவிடலாம் என்றும் தெரிந்தது. போர்வை மடிக்க அனுப்புவார்கள் என்று கேலிக்கு எழுதினேன். நிஜமாகவே கட்டுப் போடும் அறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

இந்தக் கடிதத்தைக் கண்காணிப்பாளரிடம் காட்டுங்கள். என் பெயர் கெடுவதைப் பற்றி யோசிக்க வேண்டாம். அந்த அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்களிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
நான்


மார்ச் 24

உனக்கு,

உன் கடிதத்தைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தேன். அவர் படிக்கும்போது நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆபரேஷனை வழக்கமான முறையில் நாளை மறுநாள் செய்கிறார்கள், கை இல்லாமல். கையின் பரிசோதனையைக் காலவரையறை இல்லாமல் தள்ளிவைத்துவிட்டார்கள். மூன்று மாத வேலை. கோபம் இருக்கிறது. அதை எழுத எனக்கு வரவில்லை.

அழித்த பதினொன்றும் மூலப் பதிவில் இருந்தன. நீ சொன்ன பத்து நொடிகளைப் பார்த்தேன். ஒன்றைக்கூட எறியவில்லை. கொடுத்ததை வாங்கி, அப்படியே வேலையைப் பார்த்திருக்கிறார். சீஃப்பையே கூப்பிட்டுக் காட்டினேன். "நான் கத்தரியா கேட்டேன்? கேட்டிருக்க மாட்டேனே" என்றார். அவர் குரலைப் போட்டுக் காட்டினேன். மூன்று தடவை திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். பிறகு எழுந்து நேராகக் கட்டுப் போடும் அறைக்குப் போய்விட்டார்.

சிஸ்டர் மீதிருந்த விசாரணையை ரத்து செய்து தியேட்டருக்கே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நீ கேட்ட மன்னிப்பைச் சொன்னேன். நான் பார்த்த வரையில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு இதுதான்: "பட்டியலைப் பார்த்தது ஒரு தியேட்டர் சிஸ்டர்னு சொன்னாங்கள்ல, அப்பவே தெரிஞ்சிடுச்சு சார், அவங்க வேணும்னுதான் சொல்லியிருக்காங்கன்னு. பாம்பின் கால் பாம்பறியும். யார்கிட்டயும் சொல்லல." இனி கேமராவுக்கு முன்னால் நிற்க முடியாது என்றும் சொல்லிவிட்டார். கட்டாயப்படுத்த யாருக்கும் முகம் இல்லை.

குழுவில் ஒரு யோசனை வந்திருக்கிறது. உன் கடிதத்தில் நீ எழுதிய மூன்று விளக்கமும் அவர்களை உலுக்கிவிட்டது. கை வாயைக் கேட்காமல் வயிற்றைப் பார்க்கக் கற்க வேண்டும் என்றால், அதைச் சொல்லத் தெரிந்த ஒருவர் வேண்டும். மூன்று வாரம் நீ இங்கே வந்து நிற்க முடியுமா? உன் ஆஸ்பத்திரியில் அவர்களே பேசி அனுமதி வாங்குவார்கள். இதைக் குழு கேட்கிறது. நானும் கேட்கிறேன். நீ எழுதியதைப் படித்தபோது, பத்தொன்பது வருஷமாக நீ என்ன வேலை செய்கிறாய் என்று எனக்குத் தெரியவே தெரியாது என்பது தெரிந்தது. உன் கையைப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்காரர்


மார்ச் 29

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் வந்தபோது மகள் பக்கத்தில் இருந்தாள். கடைசி வரியை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். "அப்பாவா எழுதினாரு?" என்று வாங்கிப் பார்த்தாள்.

உங்கள் கோபத்தை எழுதிப் பழகுங்கள். எனக்கு வர வேண்டியது, வாங்கிக்கொள்கிறேன். போனில் சொன்னாலும் சரி. இந்த முறை நான் 'ம்' கொட்டுகிறேன்.

நான் வரவில்லை. அனுமதி கிடைக்கும், உடம்பும் நன்றாக இருக்கிறது, மகளை என் அக்கா வந்து பார்த்துக்கொள்வாள். இதெல்லாம் காரணம் இல்லை. பதினொன்றில் மீதி எட்டுக்கும் விளக்கம் எழுதி இதோடு அனுப்பியிருக்கிறேன். அவை அந்த அம்மா செய்தவை, என் வேலை வாசித்துச் சொன்னது மட்டும்தான். எங்கே காட்டினாலும் அப்படியே சொல்லுங்கள். இன்னும் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள், பொய் இல்லாமல் பதில் வரும். ஆனால் அந்த மேஜைப் பக்கத்தில், அந்தக் கேமராவுக்குக் கீழே இருக்கும் இடம் அவளுடையது. என்றைக்காவது அவள் மனசு மாறி வந்தால் நிற்கட்டும். வராவிட்டால் அது காலியாகவே கிடக்கட்டும், உங்கள் கை எத்தனை வருஷம் தாமதமானாலும்.

உன் கையைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். பெட்டியைக்கூட எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டேன். புடவை மடிக்கும்போதுதான் உறைத்தது: பிழை என்று நான் அந்த இரண்டு வரியை எழுதியதே இந்த அழைப்புக்காகத்தான். அதனால்தான் வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி